வாயும் வயிறும்

இருபத்தோராம் நாள்
தாய்களிடமிருந்து பிரித்த முந்நூற்றுப் பன்னிரண்டு குட்டிகளை
லாரியிலிருந்து இறக்கினோம், நானும் ரொடேலியோவும்.
வெளியே மைனஸ் முப்பத்துநான்கு. உள்ளே இருபத்தெட்டு.
நடுவில் ஒரு குளியலறை.
உள்ளே போகவும் சோப்பு, வெளியே வரவும் சோப்பு.
நம் கிருமி அவற்றுக்கு ஆகாது;
அவற்றின் வாசனை
ஸ்டைன்பாக் மளிகைக்கடை வரிசையில் யாருக்கும் ஆகாது.

அன்றிரவு முழுக்கக் கத்தின.
காம்பு தேடி ஒன்றின் வயிற்றை ஒன்று முட்டின.
தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறாம்.
யார் சொன்னது?
பிறந்து கண் திறந்த கையோடு
அவள் காம்பின் அழுக்கை, கால் சேற்றை,
அவள் சாணத்தில் ஒரு துளியை
நக்கித்தானே இவற்றின் குடல் குடியேறியது.
இப்போது பாலை நிறுத்தி
சோளமாவும் சோயாவும் கொட்டியதும்
குடியிருந்தவை கிளம்ப,
காத்திருந்தவை புகுந்தன.

மூன்றாம் நாள் தொடங்கியது.
எட்டாம் கொட்டிலில் ஒன்று. மாலைக்குள் ஆறு.
வாலடி ஈரம், மஞ்சள் தண்ணீர்,
முதுகெலும்பு தெரிய ஒட்டிப்போன விலா.
மதிப்பெண் போடுவது என் வேலை.
உருண்டு விழுந்தால் சுழியம்,
கூழென்றால் ஒன்று,
ஓடினால் இரண்டு,
தண்ணீரென்றால் மூன்று.
கையில் டார்ச், காதில் பென்சில்.
இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் எழுத்து வேலை.

ஹென்றி டூயெக் மருந்துச் சீட்டைப் பார்த்துப்
பெருமூச்சு விட்டார்.
போன தொகுதிக்கும் இதே ஊசி, இதே விலை,
இம்முறை கேட்கவும் இல்லை.
மருத்துவர் லவாலே ஐஸ்பெட்டியைத் திறந்து
வெள்ளிக் காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.
ஒரு சிட்டிகையில் கோடிக்கணக்கில் உயிர், என்றார்.
ரொடேலியோ பொட்டலத்தைக் காதில் வைத்துக் கேட்டான்.
எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
உறை ஊற்றுகிறோம், அவ்வளவுதான்.
பாத்திரம்தான் பன்றி.

இரண்டாம் அறைக்கு மட்டும் குடிநீரில் கலந்தோம்.
முதலாம் அறைக்கு வெறும் தண்ணீர்.
ஏழு நாள்.
என் தாளில் மூன்று, மூன்று, இரண்டு, மூன்று.
பதினொன்றைத் தூக்கி வெளியே வைத்தோம்;
கதவு மூடுமுன் விறைத்தன.

எட்டாம் நாள் முகம் கழுவக் குழாயைத் திறந்தேன்.
நீச்சல்குள வாசனை.
கிணற்றுநீர் சுத்தமாக இருக்கட்டும் என்று
ஹென்றி போன கோடையில் பொருத்திய குளோரின் பம்பு
சுவரோரம் டிக் டிக் என்று
நல்ல பிள்ளையாய் வேலை செய்துகொண்டிருந்தது.
ஒரு கையால் உறை ஊற்றி
மறு கையால் கொன்றிருக்கிறோம்,
ஒரு வாரம், உயிர் ஒன்றுக்கு இத்தனை காசு என்று கொடுத்து.
யாரும் யாரையும் திட்டவில்லை.
ஹென்றி தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்.

பிறகு வாளியில் வெந்நீர் ஆற்றி
மாவைக் கரைத்து, பொடியைத் தூவி
கையாலேயே ஊட்டினேன்.
விரல் நான்கையும் வாய்க்குள் இழுத்துச் சப்பின,
கூரிய பல், சூடான நாக்கு.
மோதிரத்தைக் கழற்றி வைத்தேன்.

பத்து நாளில் எண்கள் இறங்கின.
முதலாம் அறையிலும் இறங்கின.
லவாலே இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
நெடுநேரம் பார்த்தார்.
இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, என்றார்.
அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

எட்டாம் கொட்டிலில் காதுப்பட்டை 4471.
எல்லாவற்றிலும் சிறியது,
பதினொன்றோடு பன்னிரண்டாவதாகப் போகவேண்டியது.
டார்ச் அடித்துக் காத்திருந்தேன்.
வாலைத் தூக்கியது.
உருண்டு விழுந்தது, ஒன்று, இரண்டு, மூன்று,
கறுப்பாய், கெட்டியாய்.

வயிற்றில் பால் வார்த்தாயே, என்றேன் தமிழில்.
அது திரும்பி
என் பூட்ஸைக் கடித்தது.